பிள்ளை வரமும் கிருமி சாஸ்திரமும்

பாலசமுத்திரம் என்பது பழனிக்கு அடுத்தாற்போல் மலையடிவாரத்தில் இருக்கின்ற ஓர் ஊர். அவ்வூராருக்கும் சுற்றுப்பக்கத்துக் கிராமத்தாருக்கும் எதற்கெடுத்தாலும் பழனிதான் பட்டணம். ஜவுளி எடுப்பதும் பழனியில், நகை அடகு வைப்பதும் பழனியில், சர்க்கார் ஆஸ்பத்திரி இருப்பதும் பழனியில், ஆண்டவன் இருப்பதும் பழனியில். ஆனால் ஒரு வீட்டில் கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் மருமகள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றால், பழனிக்குப் போகின்றவர்கள் முதலில் எந்த வாசலுக்குப் போகின்றார்கள்? ஆஸ்பத்திரி வாசலுக்கா, மலைப்படி வாசலுக்கா? இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்கள் தங்கள் வீட்டையும் அடுத்த வீட்டையும் நினைத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

முதலில் ஜோசியன் வருவான். நாகதோஷம் என்பான். கல்லில் நாகம் அடித்து அரசமரத்தடியில் வைக்கச் சொல்லுவான். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கின்ற ஜனங்களே தங்கள் வீட்டுப் பெண்ணையும் அம்மரத்தைச் சுற்ற அனுப்புவார்கள். பிறகு சஷ்டி விரதம்; பிறகு கோவில் மரத்தில் தொட்டில்; பிறகு காவடி; பிறகு மொட்டை. இவ்வளவும் ஆகி, ஐந்தாறு வருஷமும் கையிலிருந்த பணமும் கரைந்த பிறகு, எதற்கும் ஒரு தடவை டாக்டரம்மாளிடமும் காட்டி விடுவோமே என்று ஒரு யோசனை பிறக்கும். அதற்குள் அந்தப் பெண்ணின் உடம்பில் சுலபத்தில் தீரக்கூடிய கோளாறு ஏதாவது இருந்திருந்தால், அது சுலபத்தில் தீராத கோளாறாக ஆகியிருக்கும்.

"சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது நம் கிழவிகள் அடுப்பங்கரையில் சொல்லி வந்த பேச்சு. சட்டியில் குழம்பு இருந்தால்தானே கரண்டியில் வரும் என்கின்ற நேர்மையான பேச்சு. இதைப் பிரசங்கிகள் பிடித்துக்கொண்டு, அது சட்டியல்ல, சஷ்டி. சஷ்டியில் விரதமிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்பதுதான் உள்ளர்த்தம் என்று வியாக்கியானம் செய்து வருகின்றார்கள். இந்த வழக்கில் நாம் கிழவிகள் கட்சி. சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அப்படித் திறந்து பார்த்தவர்கள் கண்டு சொன்ன சங்கதிகளில் ஒன்றை மாத்திரம் இங்கு எழுதுகின்றோம். அதாவது பெண்ணின் பிறப்புறுப்பிலே வாழுகின்ற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும், அவளுக்குப் பிள்ளை உண்டாவதற்கும் உள்ள சம்பந்தம்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா, வீட்டில் பெண்பிள்ளைகள் படிக்கின்றார்களே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கோபுரத்தில் சுதையாகவும் தேரில் மரச்சிற்பமாகவும் இவ்வுறுப்புகளைப் பார்த்துக் கும்பிட்டு வருகின்றவர்களுக்கு, அதே உறுப்பில் வரும் வியாதியைப் பற்றிப் படிப்பதில் என்ன வெட்கம் என்பது நமக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகவேதான் இதை எழுதுகின்றோம்.

பால் எப்படித் தயிராகின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். உறைமோரில் உள்ள கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று ஒரு புளிப்பைக் கக்குகின்றன. அந்தப் புளிப்பு ஏறிய பிறகு பாலைக் கெடுக்கின்ற மற்றக் கிருமிகள் அதில் தலையெடுப்பது கஷ்டம். இதே ஜாதிக் கிருமிகள் (கிருமிகளில் மாத்திரம் ஜாதி உண்டென்று நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்) பெண்ணின் யோனியிலும் இருக்கின்றன என்று 1892ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து டாக்டர் ஆல்பர்ட் டோடர்லைன் என்பவர் எடுத்துக் காட்டினார். இன்று அவைகளுக்கு லாக்டோபேசில்லஸ் என்று பெயர். ஒரு பெண் பெரியவளானது முதல் அவளுடைய சினைப்பையில் ஊறுகின்ற ஈஸ்ட்ரோஜன் என்னும் சத்தினால் யோனியின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்கின்ற ஒருவித மாவுச்சத்து சேருகின்றது. அந்த மாவுச்சத்தே இக்கிருமிகளின் சாப்பாட்டுக்கு மூலம். சாப்பிட்டுவிட்டு அவை சும்மா இருப்பதில்லை. புளிப்பை உண்டாக்கி அந்த இடத்தைக் காவல் காக்கின்றன. புளிப்பை அளக்கின்ற கணக்கொன்று இருக்கின்றது. சுத்தத் தண்ணீருக்கு 7 என்றும், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகமென்றும் அர்த்தம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இது சாதாரணமாக 3.8 முதல் 4.5 வரையில் இருக்கும். இந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் குடியேற முடியாது.

எந்த இடத்தைத் தீட்டு என்றும் அசுத்தம் என்றும் சாஸ்திரங்கள் எழுதி வைத்திருக்கின்றனவோ, அந்த இடம் தன்னைத்தானே சுத்தம் செய்து கொள்ளுகின்ற ஏற்பாட்டோடு இருக்கின்றது! எழுதினவர்கள் எதைப் பரிசோதித்து எழுதினார்கள் என்று கேட்டால் பதில் வராது.

நிற்க. இந்தக் காவல் சில சமயங்களில் குலைந்து போகின்றது. நல்ல கிருமிகள் குறைந்து, கார்ட்நரெல்லா முதலிய வேறு பலவிதக் கிருமிகள் பெருகி விடுகின்றன. புளிப்புக் குறைந்து மேற்படி எண் 4.5க்கு மேல் போகின்றது. அப்பொழுது சாம்பல் நிறமாய், நீர்த்த கஞ்சிபோல் வெள்ளைபடும். மீன் கவுச்சி போன்ற ஒரு வாடை வரும். ஆனால் இந்நிலையில் உள்ள பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எந்தக் குறியுமே தெரிவதில்லை. டாக்டர்கள் இதற்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர் சொல்லுவார்கள். நாம் கிருமிச் சமநிலைக் கேடு என்று வைத்துக் கொள்ளலாம். 1955இல் அமெரிக்காவில் கார்ட்நர், டியூக்ஸ் என்கின்ற இரண்டு டாக்டர்கள் இதற்குரிய கிருமி இன்னது என்று எழுதினார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் புளிப்பைப் பார்க்கலாம். ஒரு சொட்டு மருந்து விட்டால் வாடை தெரியும். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் கிருமிகள் அப்பிக் கிடக்கின்ற தோல் அணுக்கள் கண்ணுக்குத் தெரியும். அரசமரத்தைச் சுற்றுகின்ற நேரம்கூட ஆகாது.

இனி, இதற்கும் பிள்ளைப் பேற்றுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். ஜோசியன் நாகதோஷம் என்று சொல்வதுபோல் நாமும் கிருமிதோஷம் என்று ஒன்றைக் கட்டிவிட்டால் நமக்கும் அவனுக்கும் வித்தியாசமில்லாமல் போய்விடும். இந்தக் கேடு உள்ள பெண்களில் எத்தனையோ பேர் கர்ப்பமாகின்றார்கள், பெறுகின்றார்கள். வெள்ளைபடுகின்றவள் எல்லாம் மலடி என்று எவனாவது சொன்னால் அது பொய். அன்றியும் மாதவிலக்குக்கு நடுநாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல் தெளிவாக வருவது வியாதியே அல்ல. அது கருத்தரிக்கக்கூடிய நாட்களின் அடையாளம். 2011இல் அமெரிக்காவில் 396 பெண்களைப் பரிசோதித்தபோது, வியாதிக்குறி ஒன்றுமில்லாத அப்பெண்களிலேயே நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களிடம் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் இல்லாமல் வேறுவிதக் கிருமிக் கூட்டம் இருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று சொல்ல முடியாது.

ஆனால் நிச்சயமாகத் தெரிந்த விஷயங்களும் உண்டு. யோனியிலிருந்து கருப்பைக்குப் போகின்ற வாசலில் ஒரு கெட்டியான சளி அடைப்பு இருக்கின்றது. கேடு வந்தபோது பெருகுகின்ற கிருமிகள் அந்தச் சளியைக் கரைக்கக்கூடிய ரசங்களைக் கக்குகின்றன. காவலும் குலைந்து கதவும் இளகினால், மற்ற வியாதிக் கிருமிகள் மேலே ஏறுவது சுலபமாகின்றது. முக்கியமாக மேகவெட்டைக் கிருமியும், கிளாமிடியா என்கின்ற கிருமியும் இப்படி ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்குகின்றன. கருக்குழாய் என்பது கருப்பையோடு சேருகின்ற இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத சந்து. அதற்குள்ளே நுண்ணிய மயிர்கள் அசைந்து அசைந்து கருவைக் கருப்பைக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். புண் ஆறித் தழும்பானால் சந்து அடைபட்டுப் போகும். அல்லது மயிர்கள் உதிர்ந்துபோய்க் கரு நடுவழியில் நின்று குழாயிலேயே வளர ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகும். ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் இந்த உள்புண் வந்த 1,844 பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். ஒரு தடவை புண் வந்தவர்களில் 100க்கு 8 பேருக்குக் குழாய்க் கோளாறினால் பிள்ளையில்லை. இரண்டு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேர். மூன்றும் அதற்கு மேலும் வந்தவர்களில் 40 பேர். காலதாமதம் என்பது என்ன செய்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? விரதத்திற்கும் பரிகாரத்திற்கும் என்று தள்ளிப்போடுகின்ற ஒவ்வொரு வருஷமும் இந்த எட்டை இருபதாக்குகின்ற வருஷமாக இருக்கக்கூடும்.

2013இல் பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும், குழாய்க் கோளாறினால் பிள்ளையில்லாத பெண்களிடம் இந்தச் சமநிலைக் கேடு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அது கரு உண்டாவதையே தடுக்கின்றது என்று அவர்கள் காணவில்லை. உண்டான கரு வெளியே தெரிவதற்கு முன்பே கலைந்து போவது அதிகமாக இருந்தது. கேடுள்ள பெண்கள் கர்ப்பமானால் குறைமாதத்தில் பிரசவமாகும் அபாயமும் கூடுதல். நம் தேசத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது க்ஷயரோகம். நெஞ்சிலே மாத்திரம் வரும் என்று நாம் எண்ணுகின்ற அந்த வியாதி, இருமல்கூட இல்லாமல் கருக்குழாயில் போய்க் குடியிருந்து அதை அடைத்து விடுகின்றது. அந்தக் கிருமியை ராபர்ட் காக் என்பவர் 1882லேயே காட்டி விட்டார். ஆனாலும் நம் ஜோசியனுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இனி மலடி என்கின்ற பட்டத்திற்கு வருவோம். மலடி, இருசி, வறடி என்று பெண்ணைத் திட்டுவதற்கு நம் ஊரில் எத்தனை வார்த்தைகள்! மலடன் என்று அகராதியில் ஒரு சொல் இருக்கின்றது. ஆனால் தெருவில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டு நாம் கேட்டதில்லை. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் சகுனத்தடை; பிள்ளையில்லாதவள் வளைகாப்பில் வளையல் போட்டால் ஆகாது; ஆனால் பிள்ளையில்லாத ஆண்பிள்ளை ஊர்ப்பஞ்சாயத்தில் முதல் வரிசையில் உட்காரலாம். 1955ஆம் வருஷத்துச் சட்டம் இந்துக்களில் இரண்டாங் கல்யாணத்தைத் தடுத்து விட்டது. இல்லாவிட்டால் இன்றைக்கும் இதற்குப் பரிகாரம் இளையாள்தான். சட்டம் வந்த பிறகும் தாய்வீட்டுக்குத் துரத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது ஊரறிந்த விஷயம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி உலகத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்பொழுதாவது பிள்ளை உண்டாவதில் தடங்கல் ஏற்படுகின்றது. இதிலே ஆணிடமிருக்கும் குறையும் ஏறக்குறையப் பாதித் தம்பதிகளில் ஒரு காரணமாக இருக்கின்றது என்று டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். விந்தில் உயிரணு இருக்கின்றது என்பது புதுச் செய்தியல்ல. ஹாலந்து தேசத்தில் லேவன்ஹூக் என்பவர் 1677இலேயே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். மூன்றரை நூற்றாண்டு ஆகப்போகின்றது. நம் மாப்பிள்ளைமார்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ள இன்னும் மனமில்லை!

இதில் இன்னும் வேடிக்கை உண்டு. 1872இல், ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வைத்தியம் செய்து வந்த எமில் நோகராத் என்கின்ற டாக்டர் ஒரு புத்தகம் போட்டார். கல்யாணத்திற்கு முன்பு மேகவெட்டை வந்து, சொஸ்தமாகி விட்டதென்று புருஷன் நினைத்துக்கொண்டிருக்கின்ற வியாதி, உள்ளே மறைந்திருந்து பெண்டாட்டிக்குத் தொற்றி அவளை மலடாக்கி விடுகின்றது என்பது அதன் சாரம். உடனே டாக்டர்களே அவரைப் பரிகாசம் செய்தார்கள். கௌரவமான புருஷர்களைக் குற்றம் சொல்லலாமா? ஏழு வருஷத்திற்குப் பிறகு, 1879இல், நைஸர் என்பவர் அந்த வியாதியின் கிருமியையே கண்டுபிடித்து விட்டார். பிறகு நோகராத் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று ஆயிற்று. ஆண்பிள்ளையின் கௌரவம் என்பது சாஸ்திரிகளை மாத்திரமல்ல, படித்த வைத்தியர்களையும் குருடாக்கக் கூடியது என்பதற்காக இதைச் சொல்லுகின்றோம்.

அது பழங்கதை என்பவர்களுக்குப் புதுக்கதை ஒன்று சொல்லுகின்றோம். மேலே சொன்ன சமநிலைக் கேட்டிற்கு மருந்து உண்டு; அநேகமாய்ச் சுகமும் ஆகும். ஆனால் சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும். இது ஏன் என்று தெரியாமல் பெண்களுக்கே மறுபடியும் மறுபடியும் மருந்து கொடுத்து வந்தார்கள். புருஷனுக்கு மருந்து வேண்டியதில்லை என்று வைத்தியப் புத்தகங்களும் எழுதி வைத்திருந்தன. முன்னாளில் ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் பிரயோஜனம் காணவில்லை என்பது அதற்கு ஆதாரம். இப்பொழுது ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தார் 164 தம்பதிகளை எடுத்துக்கொண்டு பரிசோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேரில் பெண்ணுக்கு மாத்திரம் மருந்து. மற்றப் பாதியில் ஆணுக்கும் ஏழு நாளைக்கு மாத்திரையும், அவனுடைய உறுப்பின்மேல் தடவ ஒரு களிம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்திற்குள் பெண்ணுக்கு மாத்திரம் கொடுத்த கட்சியில் 100க்கு 63 பேருக்கு வியாதி திரும்பி வந்தது. ஆணுக்கும் கொடுத்த கட்சியில் 35 பேருக்குத்தான் வந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபடியால் பரிசோதனையைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தி விட்டார்கள்.

அதாவது இவ்வளவு காலமாகப் பெண்ணுடைய நோய் என்று பேர் வைத்து, அவளுடைய சூடு, அவளுடைய அசுத்தம், அவளுடைய நடத்தை என்று பேசி வந்த ஒன்றிலே, பக்கத்தில் படுத்திருந்தவனுடைய தோலிலும் கிருமி இருந்து கொண்டு திரும்பத் திரும்பக் கொடுத்து வந்திருக்கின்றது. அவன் மேல் ஒரு குறியும் தெரியாது. ஆகவே அவன் யோக்கியன். அவளிடம் வாடை வரும். ஆகவே அவள் அசுத்தக்காரி!

நம் நாட்டுப் பெண்கள் எந்த நிலையில் இருக்கின்றார்கள் என்பதற்குக் கணக்கு இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லாவில் டாக்டர் ராணி பங்க் அம்மையாரும் அவருடைய கணவர் டாக்டர் அபய் பங்க் அவர்களும், தங்கள் கூட்டாளிகளுடன், இரண்டு கிராமத்தில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு இந்த உறுப்புகள் சம்பந்தமான ஏதாவது ஒரு வியாதி இருந்தது. அதற்கு முன் எப்பொழுதாவது ஒரு டாக்டரிடம் இதற்காகப் பரிசோதித்துக் கொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர். மைசூர்ப் பக்கத்தில் 898 இளம் பெண்களைப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கிருமிச் சமநிலைக் கேடு இருந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கிராமங்களில் 16 முதல் 22 வயதுக்குள்ளான 451 கல்யாணமான பெண்களைப் பரிசோதித்து 2005இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 53 பேர் தங்களுக்கு உபத்திரவம் இருக்கின்றதென்று சொன்னார்கள். 38 பேருக்குக் கிருமித் தொற்று இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. உபத்திரவம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் தேடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலை ஒவ்வொரு ஆண்பிள்ளையும் படிக்க வேண்டும்: பக்கத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இல்லை, மறைவிடமில்லை, தூரம் அதிகம், செலவு, இதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் சகஜந்தானே.

இந்தக் கடைசிப் பதில்தான் நம்மை உறுத்துகின்றது. வியாதியைச் சகஜமென்று நம்பும்படி ஒரு கூட்டத்தைப் பழக்கி வைத்திருக்கின்றோம். வெள்ளைபட்டால் சூடு என்பாள் பாட்டி. வெந்தயத்தை ஊறவைத்துக் குடி என்பாள். குடித்தால் கெடுதியில்லை, ஆனால் கிருமி போகாது. தயிரும் மோரும் சாப்பிடுவது நல்லதுதான். அதற்காகத் தயிரை உள்ளே தடவிக் கொள்வது வைத்தியமாகாது. மோரில் உள்ள கிருமியும் அங்கே உள்ள கிருமியும் சொந்தக்காரர்களே தவிர ஒரே வீட்டார் அல்ல. சிலர் சோப்பையும் டெட்டாலையும் போட்டு உள்ளே கழுவுகின்றார்கள். இது எல்லாவற்றிலும் கெடுதி. நல்ல கிருமியையும் கழுவிப்போட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் அலம்பினால் போதும்.

தீட்டுத்துணி விஷயமும் இதில் சேர்ந்தது. ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்று அதை மாட்டுத் தொழுவத்திலோ ஓலைச் சந்திலோ, மற்றத் துணிக்கு அடியிலோ போட்டு ஈரம் காயாமலே மறுபடியும் கட்டுகின்றார்கள். ஒரிஸ்ஸாவில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 486 பெண்களைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், திரும்பத் திரும்ப உபயோகிக்கும் துணி வைத்துக் கொள்ளுகின்றவர்களுக்கு இந்தச் சமநிலைக் கேடும் மூத்திரத் தொற்றும் அதிகமாகக் காணப்பட்டன. துணி குற்றவாளியல்ல. சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காய வைத்தால் துணியே போதும். ஆனால் ஆண்பிள்ளையின் கோவணம் கொடியில் வெயில் காய்கின்றது. அதற்கு உள்ள யோக்கியதை பெண்ணின் துணிக்கு இல்லை! கோயமுத்தூரில் முருகானந்தம் அவர்கள் மலிவாய்ப் பஞ்சுப்பட்டை செய்ய ஒரு யந்திரம் கண்டுபிடிக்கப் புறப்பட்டபோது அவரை ஊரார் பைத்தியக்காரன் என்றார்கள். 2016இல் அவருக்கே சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. இப்படியாகப் பைத்தியக்காரர்கள் தயவில்தான் நம் நாடு கொஞ்சம் கொஞ்சமாய் நகருகின்றது.

பழனி என்று வரும்போது மற்றொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. பழனி வைத்தியர், பரம்பரை வைத்தியர் என்று நோட்டீசு அடித்துக்கொண்டு ஊர் ஊராய் லாட்ஜில் அறை எடுத்து, பிள்ளையில்லாதவர்களுக்கு லேகியம் விற்கின்ற பேர்வழிகள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் மருந்து கொடுப்பதற்கு முன் புருஷனுடைய விந்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள்? எத்தனை பேர் பெண்ணின் கருக்குழாய் திறந்திருக்கின்றதா என்று பார்த்தார்கள்? பார்க்காமல் கொடுக்கின்ற மருந்துக்கும் பார்க்காமல் கட்டுகின்ற தாயத்துக்கும், ஒன்று கசக்கும் மற்றது கசக்காது என்பதைத் தவிர வேறு பேதம் இல்லை. மருந்துக்கடையில் போய் வெள்ளைபடுவதற்கு ஒரு மாத்திரை கொடு என்று வாங்கி விழுங்குவதும் இந்த ரகந்தான். வெள்ளைபடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. தயிர்த் திரிபோல் வந்து அரிப்பெடுத்தால் அது ஒருவிதப் பூசணம். நுரைத்துப் பச்சையும் மஞ்சளுமாய் வந்தால் அது வேறு கிருமி. கவுச்சி வாடை மேலே சொன்ன கேடு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்பது கருக்குழாயின் கணக்கில் நஷ்டம்.

சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கின்றார்கள். அங்கே மருந்துகளை நிறம் பிரித்துப் பொட்டலமாக வைத்து இனாமாகக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. வெள்ளைபடுதலுக்குப் பச்சை, அடிவயிற்று உபத்திரவத்திற்கு மஞ்சள் என்பதாக. இது நம் வரிப்பணத்தில் நடப்பது. கேட்டு வாங்குவதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை.

பாலசமுத்திரம் முதலிய ஊர்களில் உள்ள நம் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தடையெதுவும் செய்யாமல் ஒரு வருஷம் கூடி வாழ்ந்தும் கர்ப்பமாகவில்லையென்றால் தம்பதிகள் இருவருமாகப் போக வேண்டும். பெண்ணுக்கு வயது 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். மாமியாரை உடன் அனுப்பிவிட்டுப் புருஷன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது இருவராகப் போனதாகாது. ஆணுக்கு உள்ள பரீட்சை மிகவும் சுலபம். இரண்டு முதல் ஏழு நாள் வரையில் சேர்க்கையில்லாமல் இருந்து விந்தை ஒரு குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான். கத்தியில்லை, ஊசியில்லை, நோவில்லை. பெண்ணுக்கோ உள்ளே கருவி வைத்துப் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே பிடிக்க வேண்டும், இது நோகும். ஆகையால் ஆணின் பரீட்சை முடிவு கையில் வருவதற்கு முன் பெண்ணை எக்ஸ்ரே மேஜையில் ஏற்றக்கூடாது என்று வீட்டாரே டாக்டரிடம் கேட்க வேண்டும். கிருமிக் கேடு என்று தெரிந்து மருந்து எழுதினால், எனக்கும் வேண்டுமா என்று புருஷன் வாய் திறந்து கேட்க வேண்டும். மெல்போர்ன் ஆராய்ச்சி வெளிவந்து அதிக காலமாகவில்லையாதலால், கேட்காவிட்டால் பல டாக்டர்கள் தாமாகச் சொல்லாமலும் இருக்கலாம்.